பிணம் சொன்ன வைத்தியம்

ஆர்டித் கோல்பி அம்மாளும் டெல்மர் ஃபியல்ஸ்டாடும் ஒன்பது வருடமாக ஒருவரோடொருவர் நேராகப் பேசுவதில்லை. அதொன்றும் பெரிய விஷயமில்லை. அயோவாவில் பேசிக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் எங்கள் சங்கத்தின் தலைவரும் துணைத்தலைவரும். மாதம் ஒரு கூட்டம், ஒரே மேசை, நடுவில் செயலாளராக நான்.

"மர்லிஸ், அந்த ஜன்னலைச் சாத்தினா நல்லதுன்னு துணைத்தலைவர்கிட்ட சொல்லு" என்பார் ஆர்டித்.

"ஜன்னல் சாத்தித்தான் இருக்கு, குளிர் தலைவர்கிட்டேருந்துதான் வருதுன்னு சொல்லு மர்லிஸ்" என்பார் டெல்மர்.

நான் எதையும் யாரிடமும் சொல்லாமல் குறிப்புப் புத்தகத்தில் தேதியை இன்னொரு முறை எழுதிக்கொண்டிருப்பேன்.

எங்களுடையது வாழும் வரலாற்று அருங்காட்சியகங்களின் சங்கம். நான்கு மாநிலங்களில் முப்பத்தொரு அருங்காட்சியகங்கள். எங்களிடம் கண்ணாடிப் பெட்டிகள் கிடையாது, ஆட்களேதான் காட்சி. பழைய காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, பழைய காலத்து ஏரை ஓட்டி, பழைய காலத்து அடுப்பில் ரொட்டி சுட்டு, வருகிறவர்களுக்கு முன்னால் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வாழ்க்கையை வாழ்ந்து காட்டுவோம். நான் 1875ஆம் வருடத்துச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். இரண்டு முறை பாவாடையில் தீப்பிடித்திருக்கிறது.

சங்கத்துக்கு விதிகள் உண்டு. எல்லாவற்றிலும் கெட்ட பெயர் வாங்கியது நாலாம் விதி: காட்டப்படும் ஆண்டுக்குப் பிந்தைய எதுவும் பார்வையாளர் கண்ணில் படக் கூடாது. எழுதியவர் ஆர்டித். அதைக் காப்பாற்றுகிறவரும் அவர்தான். ஓர் அருங்காட்சியகத்துக்குள் அவர் சோதனைக்கு நுழைந்தால் கைக்கடிகாரங்கள் மாவு ஜாடிக்குள் ஒளியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால், 1900ஆம் வருடத்தைக் காட்டும் டெல்மருடைய பண்ணைக்குச் சோதனைக்குப் போனார். டெல்மர் ஏதோ எடுக்கக் குனிந்தார். கால்சட்டையின் பின்பக்கம், தோள்பட்டி மாட்டுகிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் பொத்தான். ஆர்டித் அந்த ஒரு பொத்தானைப் பற்றி அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதினார். டெல்மரின் பண்ணை அந்த வருடம் சங்கம் தரும் தர நட்சத்திரத்தை இழந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

இத்தனைக்கும் அதற்கு முன்னால் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். ஆர்டித்தின் பண்ணையில் ஏர் இழுத்த பக், பிரைட் என்ற ஜோடி எருதுகள் டெல்மரின் கொட்டகையில் பிறந்தவை. கன்றுகளாக இருக்கும்போதே கயிற்றோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பக் போன குளிர்காலத்தில் செத்துப்போயிற்று. பிரைட் மட்டும் மிச்சம்.

அந்த அக்டோபரில் வருடாந்திர மாநாடு எல்ம் ஹாலோ என்கிற அருங்காட்சியகக் கிராமத்தில் நடந்தது. மதியம் மூன்று மணிக்குப் பொதுக்குழு. நாலாம் விதியைத் தளர்த்த வேண்டும் என்று டெல்மர் ஒரு தீர்மானம் கொடுத்திருந்தார். உடம்புக்கு அவசியமானதை விதி தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். காரணம் ஐவார். எண்பது வயதைத் தொட்ட தொண்டர். அவருடைய மூக்குக்கண்ணாடி இந்தக் காலத்தது என்று ஆர்டித் கழற்றச் சொன்னார். கழற்றினார். நேராக நடந்துபோய்க் கிணற்றுச் சுவரில் மோதி விழுந்து, மறுநாள் ராஜினாமாக் கடிதம் அனுப்பினார்.

தீர்மானத்தை எதிர்த்துப் பேசப்போகிற முதல் ஆள் ஆர்டித் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பொதுக்குழுவுக்கு முன்னால், காலை பத்தரை மணிக்குப் பார்வையாளர்களுக்காக ஒரு பெரிய நிகழ்ச்சி: 1857ஆம் வருடத்துச் சாவு வீடு. எல்ம் ஹாலோவின் இயக்குநர் ஹார்லன் ஸ்டாடர்ட் மூன்று மாதம் ஒத்திகை பார்த்திருந்தார். அன்று காலை பார்த்துப் பிணமாக நடிக்கிற ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"பிணத்துக்கு முதுகு பிடிச்சா என்ன, படுத்துத்தானே இருக்கணும்?" என்று கேட்டேன்.

"பெட்டிக்குள்ள இறங்கணுமே மர்லிஸ்" என்றார் ஹார்லன். "அதுவும் பெட்டி ஆறடி நாலு அங்குலம். குள்ளமா ஆள் போட்டா கப்பல்ல படுத்த மாதிரி இருக்கும்."

அந்த உயரத்துக்கு மாநாட்டில் ஒரே ஆள்தான். விதவையாக நடிக்கவும் ஒரே ஆள்தான். சரியான துக்க உடை, கொம்புப் பொத்தானும் பத்து கஜக் கறுப்புப் பாவாடையுமாக, ஆர்டித்திடம் மட்டும்தான் இருந்தது. ஹார்லன் இரண்டு பேரிடமும் மற்றவர் யாரென்று சொல்லாமலே சம்மதம் வாங்கிவிட்டார்.

பத்து மணிக்குக் கழிப்பறையில் ஆர்டித்துக்குக் காதை மூடும் கறுப்புத் துணித்தொப்பியைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். நாடாவை இழுத்து முடிச்சுப் போடும்போது வலது காதுக்குப் பின்னால் ஏதோ பழுப்பாக, மொச்சைக் கொட்டை அளவில் தட்டுப்பட்டது. காது கேட்கும் கருவி.

"மர்லிஸ், நீ ஒண்ணும் பாக்கல" என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே.

"பாக்கல."

"கோடையிலேருந்து போட்டிருக்கேன். போன்ல பேசறதும் இதுலயே கேக்கும். காதைத் தொட்டா போதும்." கண்ணாடியில் காதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பிரைட் காலையிலேருந்து எழுந்திருக்கல. மாட்டு டாக்டர் நுஸ்பாம் போயிருக்கார். எந்த நிமிஷமும் கூப்பிடுவார்."

"அப்ப விதவையா வேற யாராவது நடிக்கட்டுமே."

"இந்தப் பாவாடைக்குள்ள வேற யார் போவா? தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழு."

கூடத்துக்குள் போனபோதுதான் பெட்டிக்குள் இருப்பது யாரென்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு நாற்காலிகளின் மேல் பைன் மரச் சவப்பெட்டி. உள்ளே டெல்மர், வெள்ளைச் சட்டையும் கைகளில் காய்ந்த பூங்கொத்துமாக. வாய் திறந்துகொள்ளாமலிருக்கத் தாடையிலிருந்து உச்சந்தலை வரை ஒரு துணிக்கட்டு. வயிறு பெட்டி விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் மேலே நின்றது. கண்ணை ஒரு நூலளவு திறந்து ஆர்டித்தைப் பார்த்தார். உடனே மூடிக்கொண்டார். இறந்தவர் முகத்தில் அவ்வளவு வெறுப்பை நான் பார்த்ததில்லை.

பெஞ்சுகளில் அறுபது பேர். பக்கத்து வீட்டுப் பெண்ணாக நான் பெட்டியின் தலைமாட்டில் ஒரு தட்டு பிஸ்கோத்தோடு நின்றேன். ஆர்டித் என் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். போதகராக நடித்த ஹார்லன் புத்தகத்தைத் திறந்து ஆரம்பித்தார். இரண்டு பக்கம் போனது. மூன்றாவது பக்கத்தில் ஆர்டித்தின் கை தொப்பிக்குள் போயிற்று.

"எப்படி இருக்கான்?" என்றார்.

ஹார்லன் நிமிர்ந்தார். அது ஒத்திகையில் இல்லாத வசனம். ஆனாலும் முப்பது வருட அனுபவஸ்தர். "இறைவனிடம் அமைதியாக இருக்கிறார், சகோதரி" என்றார்.

"எழுந்து நின்னானா?"

"கடைசி நாளில் எழுந்து நிற்பார், சகோதரி."

"அவ்வளவு நேரம் விட்டா செத்துடுவான்!"

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. ஹார்லன் புத்தகத்தின் பக்கங்களை அவசரமாகப் புரட்டினார், எங்கேயாவது பதில் இருக்குமா என்று.

"வயிறு எவ்வளவு உப்பியிருக்கு?" என்றார் ஆர்டித். அறுபது ஜோடிக் கண்களும் டெல்மரின் வயிற்றுக்குப் போயின. "தட்டிப் பாத்தீங்களா? மேளம் மாதிரி சத்தம் வருதா? சாணி போட்டானா?"

முன்வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையின் காதைப் பொத்தினார்.

நான் ஆர்டித்தின் பாவாடையை மெல்ல மிதித்தேன். அவர் கவனிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. டாக்டர் ஏதோ நம்பிக்கை இல்லாமல் பேசியிருக்க வேண்டும். "அப்படிச் சொல்லாதீங்க டாக்டர்" என்றார். "பன்னண்டு வருஷம் என்கூட உழைச்சிருக்கான். மழையோ வெயிலோ, ஒரு நாள் முரண்டு பிடிச்சதில்ல. சொன்ன பக்கம் திரும்புவான், நில்லுன்னா நிப்பான். தலையால ஒரு தடவை முட்டினது கிடையாது. ஜோடி போனதிலேருந்தே அவன் சரியில்ல."

கூடமே மூக்கை உறிஞ்சியது. முன்வரிசைப் பெண் தன் கணவரை விலாவில் இடித்து, "கேட்டுக்கோ" என்றார்.

அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து, உதடு அசையாமல், ஒரு குரல் வந்தது.

"என்ன தின்னான்?"

தலைமாட்டில் நின்ற எனக்குக் கேட்டது. ஆர்டித்துக்கும் கேட்டது, கருவி நல்ல கருவி. டெல்மருக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. தன் கொட்டகையில் பிறந்த மாட்டைப் பற்றிய பேச்சு அவருக்குப் புரியாமல் போகுமா?

ஆர்டித் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து, "ஈரமான குதிரைமசால் தீவனம். வேலியைத் தாண்டிட்டான்" என்றார்.

"எந்தப் பக்கம் சாஞ்சு கிடக்கான்?"

"இடது பக்கம்."

"நெஞ்சு மேல உக்கார வெக்கச் சொல்லு. முன்பக்கம் மேடா இருக்கணும். வைக்கோல் கட்டு முட்டுக் கொடுக்கட்டும்."

"டாக்டர், நெஞ்சு மேல உக்கார வெச்சு முன்பக்கத்தை மேடாக்குங்க. வைக்கோல் கட்டு அண்டை குடுங்க" என்று ஆர்டித் பொதுவில் அறிவித்தார். ஹார்லன் புத்தகத்தை மூடிவிட்டார். இனி யார் எதைச் சொன்னாலும் அவர் பொறுப்பில்லை என்பதுபோலக் கூரையைப் பார்த்தார்.

ஆர்டித் கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்து பெட்டிக்குள் சொன்னார்: "விலாவுல குத்திக் காத்தை எடுக்கப் போறாராம்."

டெல்மர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"குத்தக் கூடாது! முதல்ல குழாய் விடச் சொல்லு, எண்ணெய் ஊத்தச் சொல்லு! அவனோட அம்மாவை அப்படித்தான் குத்திக் கொன்னாங்க!"

நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் அலறினார்கள். கடைசி வரிசையில் ஒரு கிழவர் எழுந்து நின்று கைதட்டினார். நாற்காலியிலிருந்து பெட்டி ஒருபக்கம் சரிந்து, டெல்மர் பூங்கொத்தோடு தரையில் உருண்டார். என் பிஸ்கோத்துகள் அவர்மேல் விழுந்தன.

மூன்றாவது வரிசையிலிருந்து பருமனான ஓர் அம்மாள், "வழி விடுங்க, நான் நர்ஸ்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து வந்தார். டெல்மரை மல்லாக்கப் போட்டு அவர் மேல் ஏறாத குறையாக உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல, உயிரோடதான் இருக்கேன்."

"அதை நான் பாத்துச் சொல்றேன். படுங்க" என்று ஒரே இழுப்பில் சட்டையைப் பிய்த்தார்.

உள்ளே கறுப்பாக ஒரு பனியன். அதன் நெஞ்சில் ஒரு குமிழ். குமிழில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆர்டித் குனிந்து பார்த்தார்.

"என்ன இது?"

"சூடு பண்ற பனியன். பாட்டரி" என்றார் டெல்மர் தரையிலிருந்து.

"1857ல?"

"உன் காதுல இருக்கறது எந்த வருஷம்?"

நர்ஸ் அம்மாள் டெல்மரின் நாடியைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பது வருடம் சேர்த்துவைத்தது எல்லாம் இப்போது வெளியே வரும் என்று நினைத்தேன்.

"வண்டி எங்க நிக்குது?" என்றார் ஆர்டித்.

"கொல்லன் பட்டறைக்குப் பின்னால."

"சாவியைக் குடு. நான் ஓட்டறேன். நீ டாக்டர்கிட்ட பேசு."

போய்விட்டார்கள். கறுப்புப் பாவாடை காற்றில் உப்பிக்கொண்டு முன்னால் போக, தாடைக்கட்டு அவிழாத பிணம் பிஸ்கோத்துத் தூளோடு பின்னால் ஓடியது. ஹார்லன் தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "நல்லடக்கம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். "தேவாலயத்துக்குப் பின்னால் ஆப்பிள் சாறு கிடைக்கும்."

பிறகு நடந்தது அவர்கள் சொல்லித் தெரியும். ஆர்டித்தின் பண்ணை நாற்பது மைல். பாதி வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கியதும் அவர் ஓர் அடி பின்னால் போனார்.

"மேடம், இவ்வளவு வேகமா... யாருக்கு உடம்பு சரியில்ல? இவருக்கா?"

"எருதுக்கு" என்றார் ஆர்டித்.

போலீஸ்காரர் டெல்மரைப் பார்த்தார். டெல்மர் தாடைக்கட்டோடு தலையாட்டினார். அந்த மனிதர் குறிப்பேட்டைத் திறந்து, என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடி, போகச் சொல்லிவிட்டார்.

கொட்டகையில் டாக்டர் நுஸ்பாம் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிரைட் வாயைத் திறக்க மாட்டேன் என்றது. டெல்மர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ பேசினார், கன்றாக இருக்கும்போது கூப்பிட்ட பெயராம். வாய் திறந்தது. குழாய் இறங்கியது. ஒரு பீப்பாய் உடைந்ததுபோல் காற்று வந்தது. நாற்றத்தில் டாக்டர் வெளியே ஓடினார். இவர்கள் இரண்டு பேரும் ஓடவில்லை. அரை மணியில் பிரைட் தள்ளாடி எழுந்து நின்று, ஆர்டித்தின் பத்து கஜப் பாவாடையில் பாதியைச் சாணத்தால் நனைத்தது.

"அந்தப் பொத்தானைப் பத்தி நான் ரெண்டு பக்கம் எழுதியிருக்க வேண்டாம்" என்றாராம் ஆர்டித் பாவாடையைப் பிழிந்துகொண்டே.

"ரெண்டரை" என்றாராம் டெல்மர்.

பொதுக்குழு மூன்று மணிக்கு என் தலைமையில் தொடங்கியது. தலைவர் இல்லை, துணைத்தலைவர் இல்லை. விதி வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. முதலில் வாசனை வந்தது, பின்னால் அவர்கள் வந்தார்கள்.

ஆர்டித் நேராக மேசைக்கு வந்து தொப்பியின் நாடாவை அவிழ்த்துக் கழற்றினார். நரைத்த தலையை ஒருபக்கம் திருப்பிக் காட்டினார்.

"எனக்குக் காது கேக்காது" என்றார். "மூணு வருஷமா. இந்தக் கோடையில்தான் மெஷின் போட்டேன். அதுக்கு முன்னாடி நீங்க பேசினதுல பாதி எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி தலையாட்டினேன். ஐவாரோட கண்ணாடியைக் கழட்டச் சொன்னப்போ அவர் என்னமோ சொன்னார். என்னன்னு கூடக் கேக்காம சரின்னு வந்துட்டேன். கண்ணு தெரியாதுன்னு சொல்லியிருப்பார்னு இப்பத்தான் புரியுது."

நெப்ராஸ்காவிலிருந்து வந்த லோவெல் மெதுவாகக் கை தூக்கினார்.

"அப்ப என்னோட தேனீத் திட்டம்?"

"என்ன தேனீ?"

"ரெண்டு வருஷம் முன்னாடி கொண்டுவந்தேன். தேனீக்கு இடம் எங்கேன்னு கேட்டேன். 'அடுப்படியில வெச்சுக்கோ, மத்தியானம் மட்டும் விருந்தாளிக்குக் குடு'ன்னு தீர்ப்பு சொன்னீங்க."

ஆர்டித் யோசித்தார். "நான் தேநீர்னு நினைச்சேன்."

"தேனீப் பெட்டி ரெண்டு வருஷமா எங்க அடுப்படியிலதான் இருக்கு, ஆர்டித்" என்றார் லோவெல். "விருந்தாளிங்க யாரும் உள்ள வர்றதில்ல."

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடமாயிற்று. ஆர்டித்தும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஆனால் அவர் ஆர்டித் கோல்பி. கண்ணாடி சரி, காதுக் கருவி சரி, முழங்கால் பட்டையும் சரி என்று வரிசையாக ஒத்துக்கொண்டு வந்தவர், டெல்மரின் பனியனில் நின்றுவிட்டார்.

"அது உடம்புக்கு அவசியம் இல்ல. சொகுசு."

"அக்டோபர் மாசத்துல நீ ஒரு மணி நேரம் பெட்டியில படுத்துப் பாரு, அப்புறம் சொகுசைப் பத்திப் பேசலாம்."

"1857ல குளிரலையா? கம்பளி போட்டுக்கோ."

"கம்பளி அரிக்குது."

"செத்தவனுக்கு என்ன அரிப்பு?"

நேருக்கு நேர், நாற்பது நிமிடம். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கடைசியில் தீர்மானம் இருபத்தேழுக்கு நாலு என்று நிறைவேறியது, பனியன் நீங்கலாக. ஐவாருக்கு எழுதும் மன்னிப்புக் கடிதத்தை ஆர்டித்தே அங்கேயே உட்கார்ந்து எழுதினார். ஐவார் வசந்தத்தில் திரும்பி வந்தார். முதல் வேலையாக அந்தக் கிணற்றுச் சுவருக்கு வெள்ளை அடித்தார்.

மறு வாரம் ஹார்லன் பார்வையாளர்கள் எழுதிப் போட்ட கருத்துச் சீட்டுகளை அனுப்பினார். பெரும்பாலானவர்கள் இவ்வளவு உருக்கமான நிகழ்ச்சியைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒருவர், 1857இல் ஆட்கள் இப்படி உயிர்த்தெழுந்தார்களா என்று கேட்டிருந்தார். நர்ஸ் அம்மாளின் சீட்டு வேறு மாதிரி இருந்தது. "இறந்தவரின் நாடி நிமிஷத்துக்கு நூற்றிருபது, நடுவில் நடுவில் விட்டு விட்டு அடிக்கிறது. உடனே டாக்டரிடம் போகச் சொல்லவும்."

நான் ஆர்டித்துக்குப் படித்துக் காட்டினேன். டெல்மருக்கு டாக்டர்கள் என்றால் ஆகாது. மாட்டு டாக்டரையே அவர் நம்புவதில்லை. ஆர்டித் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு அவர் பண்ணைக்குப் போய், சட்டை மாற்றக்கூட விடாமல் 1900ஆம் வருடத்துக் கால்சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். நல்லவேளை. இதயத்துக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம், மீதியைச் சொல்லவில்லையாம்.

டெல்மர் இப்போது தேறிவிட்டார். உப்பில்லாமல் சாப்பிட வேண்டும், வெண்ணெய் கூடாது. மாதக் கூட்டத்து மதியச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்து முனகுவார். ஆர்டித் எதிரில் உட்கார்ந்து அவர் தட்டிலிருக்கும் பன்றிக்கறியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வார், நிதானமாக, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.